கையோடு கொடுத்த படம்

மாமா நூற்றுக்கும் மேல் போட்டோ எடுத்திருப்பார். அதில் எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் ஊரார் வீட்டில். காசிமேட்டில் நாலைந்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒன்று, எண்ணூர்க் குப்பங்களில் எத்தனை என்று கணக்கே கிடையாது. யாரை எடுத்தாரோ அவர் கையிலேயே படத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். அம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "உனக்கு எடுத்தாச்சு இல்ல, அது உன்னுது. அவங்களுக்கு எடுத்தது அவங்களுது" என்று முடித்துவிடுவார்.

சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் கிரீஸர் வேலை அவருக்கு. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. 1981-இல் சிங்கப்பூரில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் அந்தக் கேமராவை வாங்கிவந்தார். போலராய்டு ஒன்ஸ்டெப், 1977-இல் வெளிவந்த மாடல். வெள்ளை முகம், நடுவில் வானவில் பட்டை, சிவப்புப் பொத்தான். அமுக்கினால் கர்ரென்று ஒரு சத்தம். முன்பக்க வாயிலிருந்து சதுர அட்டை ஒன்று வெளியே வரும். சந்துப் பிள்ளைகள் நாங்கள் அதற்கு வைத்த பேர் 'நாக்கு நீட்டுற கேமரா'.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்கு வெளிநாட்டுச் சாமான் என்றால் கடல் வழியாகத்தான் வரும். எம்.வி. சிதம்பரம் கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அது துறைமுகத்தில் நிற்கிற நாளில் பூக்கடை வரைக்கும் செண்டு வாசனை என்று பாட்டி சொல்வாள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் செத்தார்கள்; அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-இல் தொடங்கிய பர்மா பஜாரில் டேப் ரிக்கார்டர், கைக்கடிகாரம், கேமரா எல்லாம் கிடைக்கும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் செய்துகொண்டிருந்தது. மாமாவின் கேமராவுக்கு அது ஆகாது. அதற்கான பேக் தனி. ஒவ்வொரு தடவை கப்பலேறிப் போய்த் திரும்பும்போதும் இரண்டு பேக், பணம் இருந்தால் மூன்று. ஒரு பேக்கில் பத்துப் படம்.

"ஒரு சொடுக்குன்னா ஒரு நாள் கூலிடா" என்பார். அதனால் சும்மா எடுக்க மாட்டார். முதலில் அந்த ஆளோடு உட்கார்ந்து டீ குடிப்பார், பேசுவார், எந்தப் பக்கம் வெயில் என்று பார்ப்பார். அரை மணி நேரம் கழித்துத்தான் கேமரா பையைவிட்டு வெளியே வரும். அன்றைக்கு எங்களைப் போன்ற வீடுகளில் போட்டோ என்பது கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. ஸ்டூடியோவுக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் சீனரி படுதா இருக்கும். எடுத்த பிறகு ஒரு வாரம் நடக்க வேண்டும். நெகட்டிவ் ஸ்டூடியோக்காரரிடமே இருக்கும். தன் முகத்தைத் தன் வாசலிலேயே, நின்ற இடத்திலேயே வாங்கிக்கொள்ள முடியும் என்பதை அந்த மக்கள் அதற்கு முன்னால் கண்டதில்லை.

அமெரிக்காவில் எட்வின் லேண்ட் என்பவர் இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு குழந்தையின் அவசரத்தில்தான் தொடங்குகிறது. 1943-இல் சான்டா ஃபே ஊரில் மகளைப் போட்டோ எடுத்தார். மூன்று வயதுக் குழந்தை, எடுத்த படத்தை இப்பவே ஏன் பார்க்க முடியாது என்று கேட்டாளாம். 1947 பிப்ரவரியில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் செய்து காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. அப்போதெல்லாம் இரண்டு தாளாக ஒட்டி வரும். ஒரு நிமிஷம் கழித்து உரிக்க வேண்டும். படத்தைக் கையில் பிடித்து விசிறுகிற பழக்கம் அந்த ஈரத்தைக் காயவைக்க வந்தது. உரிக்க வேண்டாத, முழுக்க மூடிய அட்டை 1972-இல் எஸ்எக்ஸ்-70 கேமராவோடு வந்தது. அந்த அட்டையை விசிறுவதால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் உலகமே விசிறியது, எங்கள் சந்தும் விசிறியது.

அந்த அட்டையின் அடிப்பக்க வெள்ளை ஓரம் மட்டும் ஏன் அகலம் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். "உள்ள கஞ்சி கீதுடா" என்றார். கிட்டத்தட்ட சரிதான். ரசாயனக் கூழை அடைத்த சின்னப் பை ஒன்று அந்த ஓரத்துக்குள் இருக்கிறது. அட்டை வெளியே வரும்போது கேமரா வாயில் இருக்கிற இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கி, கூழைப் படம் முழுக்க ஒரே சீராகப் பரப்புகின்றன. அந்தக் கூழ்தான் டார்க் ரூம். ஒளிபட்ட படலங்களில் வேண்டிய சாயத்தை மட்டும் மேலே ஏறவிடும். வெள்ளைப் பின்னணியும் அதிலிருந்தே வரும். பேக்கின் அடியில் தகடு போலத் தட்டையாக ஒரு ஆறு வோல்ட் பேட்டரி. பத்துப் படம் தீர்ந்த பிறகும் அதில் கொஞ்சம் உயிர் இருக்கும். காலி பேக்குக்கு எங்களுக்குள் அடிதடி நடக்கும். டார்ச் பல்பை அதில் வைத்து எரியவிடலாம் அல்லவா.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் படங்களில் கடலே இருக்காது. கடற்கரையில் நின்று எடுத்த படங்களில்கூட மனிதருக்குப் பின்னால் குடிசை, பனை, கோயில் கோபுரம், புகைபோக்கி. சின்ன வயதில் எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. இப்போது அதே கேமராவைக் கையில் வைத்திருப்பதால் காரணம் புரிகிறது. அந்த ஃபிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும், நிழலில் மங்கிப்போகும். காசிமேட்டில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கும் மீன் ஏலத்தை அதில் எடுக்கவே முடியாது. ஏழரை எட்டு மணி ஆக வேண்டும். அந்நேரம் சூரியன் கடல் பக்கம். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமானால் படத்துக்கு நிற்கிறவர் கடலைப் பார்த்து நிற்க வேண்டும், எடுக்கிறவன் கடலுக்கு முதுகு காட்ட வேண்டும். லென்ஸின் குவிப்பை மாற்ற முடியாது, நாலடிக்குக் கிட்டே போனால் முகம் கலங்கிவிடும். ஆளும் வேண்டும், பின்னால் வீடும் வேண்டும் என்றால் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். மாமா அப்படித்தான் போவார். மணலில் பத்தடி, இருபதடி, பிறகு ஈரமணல், பிறகு முழங்கால் தண்ணீர். பேண்ட் நனைந்து நிற்பார். அலை வந்து தள்ளும்போது, "அசையாத ஆயா, அசையாத" என்று அவர் கத்த, அசைவதெல்லாம் அவர்தான் என்று கரையே சிரிக்கும்.

இன்றைக்கு அதே இடங்களில் பின்னால் போக வழியில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையின் பெரும்பகுதியில் கருங்கல் கொட்டியிருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலை, சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரி. இது ஒரே நாளில் நடந்தது இல்லை. எங்கள் கடலில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவரில் தட்டித் தெற்கிலேயே நின்றது. மெரினா அப்படித்தான் அகன்றது. நகரம் சுண்டல் தின்று காற்று வாங்குகிற அந்த மணலில் எங்களுக்கு வர வேண்டிய பங்கு இருக்கிறது. வடக்கே கடல் தின்றுகொண்டே வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தெருவை இழந்தது. தடுக்கக் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. மாமா முதுகு காட்டி நின்ற மணல் இப்போது தண்ணீருக்கடியில். அதனால் நான் எடுக்கிற படங்கள் பெரும்பாலும் சாயங்காலத்தில். சூரியன் மேற்கே இறங்கிய பிறகு, நான் சாலை ஓரத்தில் நிற்க, எதிரே கல் மேல் மனிதர், அவருக்குப் பின்னால் கடல். கேமரா அதுவேதான். ஊர் திருப்பி நிறுத்திவிட்டது.

எங்கள் பகுதிக்கு இந்த உடனடிப் படம் இன்னொரு வழியாகவும் வந்தது. கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு சிடிசி என்கிற மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டும். ராஜாஜி சாலைக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டூடியோவில் நாலு லென்ஸ் வைத்த போலராய்டு கேமரா இருந்தது. ஒரே சொடுக்கில் ஒரே தாளில் நாலு முகம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, நேரம் வந்ததும் மேல்தாளை உரித்துக் குப்பையில் போடுவார்கள். விரலில் பட்டால் எரியும். மாமாவின் சிடிசி படத்தில் அவர் முகம் கரியாக இருக்கும், கண் இரண்டும் மட்டும் தெரியும். எங்கள் நிறத்தை மனதில் வைத்து அந்தக் காலத்துக் கலர் ஃபிலிமை யாரும் செய்யவில்லை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் எங்கே போனாலும் சுமந்து திரிய வேண்டியிருந்த பாஸ்புக்குக்கும் போலராய்டில்தான் படம் எடுத்தார்கள். அதைக் கண்டறிந்து 1970-இல் எதிர்த்து நின்றவர்கள் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத்தவர். ஏழு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1977-இல் கம்பெனி அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. ஒரே கம்பெனியின் கேமரா ஒரு இடத்தில் மனிதனை அடைக்கவும், எங்கள் கரையில் ஒரு கிழவியைச் சிரிக்க வைக்கவும் பயன்பட்டிருக்கிறது. எடுத்த படம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

மாமாவுக்கு அந்த ஸ்டூடியோ படத்தின் மேல் கோபம் இருந்தது. அதனால்தானோ என்னவோ, கேமராவின் முகத்தில் வெளிச்சம் கூட்டக் குறைக்க இருக்கும் திருகைப் பற்றி அவருக்கு அத்தனை தெரியும். பின்னால் வானம் பளீரென்று இருந்தால் வெள்ளைப் பக்கம் ஒரு புள்ளி தள்ளுவார். அவர் எடுத்த முகங்கள் கறுப்பாகவே இருக்கும். கரியாக இருக்காது.

தொண்ணூறுகளில் மாமா கரைக்கு வந்துவிட்டார். கலர் லேப்கள் மூலைக்கு மூலை வந்தன. ஒரு ரோலை ஒரு மணி நேரத்தில் கழுவிக் கொடுத்தார்கள். அவருடைய கேமரா பரணுக்குப் போனது. 2001-இல் போலராய்டு திவாலானது, 2008-இல் ஃபிலிம் செய்வதையே நிறுத்தியது. அடுத்த வருஷம் மாமா போனார். அந்தக் காலத்திலேயே நெதர்லாந்தில் என்ஷெடே என்ற ஊரில் பழைய ஆலையின் இயந்திரங்களை உடைத்து எடைக்குப் போடவிடாமல் சிலர் விலைக்கு வாங்கியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இம்பாஸிபிள் புராஜெக்ட் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். இயந்திரம் இருந்தது, ஆனால் பழைய சாயங்களையும் ரசாயனங்களையும் செய்துகொடுத்தவர்கள் எல்லாரும் கடையை மூடியிருந்தார்கள். சமையல் பாத்திரம் இருக்கிறது, அரிசி இல்லை என்கிற மாதிரி. முதலிலிருந்து கூழைக் காய்ச்சி 2010-இல் ஃபிலிம் வெளியிட்டார்கள். இன்று அவர்களே போலராய்டு.

2018-இல் பரணைச் சுத்தம் செய்தபோது கேமரா கிடைத்தது. எங்கள் உப்புக் காற்றில் ரேடியோ, டார்ச், கடிகாரம் எல்லாம் பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்துச் செத்துப்போயிருந்தன. இதற்குச் சொந்தமாகப் பேட்டரி கிடையாது; ஒவ்வொரு பேக்கும் தன்னோடு தன் பேட்டரியைக் கொண்டுவரும். அதனாலேயே பிழைத்திருந்தது. உருளைகளில் காய்ந்து ஒட்டியிருந்த பழைய கூழை ஈரத்துணியால் ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தேன். நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பேக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தள்ளி மூடியைச் சாத்தினேன். கர்ரென்று சத்தம் வந்து கறுப்பு மூடியட்டை வெளியே வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "உங்க மாமா வந்த மாதிரி கீதுடா" என்றாள்.

அன்றைய ஃபிலிமும் இன்றைய ஃபிலிமும் ஒன்றில்லை. மாமாவின் அட்டை வெயிலிலேயே, கூடி நிற்கிறவர்கள் கண் முன்னால், பச்சை மூட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முகமாக மாறும். புதியது வெளியே வந்த கணமே வெளிச்சம் படாமல் மறைக்க வேண்டும். கலர் முழுதாக வரக் கால் மணி நேரம். பதின்மூன்று டிகிரியிலிருந்து இருபத்தெட்டு டிகிரிக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். திருவொற்றியூரில் மே மாதம் அப்படி ஒரு நேரமே கிடையாது. சூட்டில் எல்லாமே செம்மஞ்சளாக வரும், வானம்கூட. நான் பேக்குகளை ஃபிரிட்ஜில் கருவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெளியே போகும்போது எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடியில் ஐஸ் பை, மேலே துணி. படம் வெளிவந்ததும் துணிக்கு நடுவில் வைத்து மூடிவிடுவேன். எட்டுப் படத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பத்து எட்டாகிவிட்டது. மாமாவைப் போல எனக்கும் ஒரு சொடுக்குக்கு முன்னால் அரை மணி நேரம் தேவைப்படுகிறது.

தண்டையார்பேட்டைக் கல்யாண மண்டபங்களில் இப்போது ஃபியூஜியின் இன்ஸ்டாக்ஸ் வந்துவிட்டது. வருகிறவர்களை எடுத்து ஆல்பத்தில் ஒட்டிப் பக்கத்தில் வாழ்த்து எழுதச் சொல்கிறார்கள். அது 1998 முதல் இருக்கிறது; சூட்டைத் தாங்கும், ஒன்றரை நிமிஷத்தில் தெளியும், விலையும் குறைவு. தினமும் எடுக்கிறவர்களுக்கு அதுவே நல்லது என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். உரிக்கிற வகையை ஃபியூஜி 2016-இல் நிறுத்திவிட்டது. அந்த நாலு லென்ஸ் ஸ்டூடியோ அதற்கு முன்பே பிரிண்டருக்கு மாறியாயிற்று.

கேமரா உயிர்த்த பிறகு மாமாவின் படங்களைத் தேடிப் போனேன். பறித்துவர இல்லை, பார்த்துவர. காசிமேட்டில் ஒரு வீட்டில் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. மடித்த இடத்தில் அடுக்குப் பிரிந்து பாதி முகம் போயிருந்தது. இன்னொரு வீட்டில் இறந்துபோனவரின் ஒரே படம் அது என்று பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். கலர் மஞ்சளேறியிருந்தது, சிரிப்பு அப்படியே. நாலு வீட்டில் 2015 வெள்ளத்தோடு போய்விட்டது என்றார்கள். இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது, போனால் போனதுதான். மாமாவின் சட்டத்தில் ஒரு குறை இருந்தால் அது இதுதான், நானும் மறுக்க மாட்டேன். கொடுப்பதற்கு முன்னால் நான் இப்போது போனில் ஒரு நகல் எடுத்துவைக்கிறேன், அவர்களைக் கேட்டுவிட்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. படகும் வலையும் அலையாத்தி வேரும் கறுப்பு. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய அதே மக்கள், திரும்பவும் மக்கால் அள்ளினார்கள். கேமராக்கள் வந்தன, ட்ரோன் வந்தது. அந்தப் படங்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் நகரம் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் முகத்துவாரத்துக்கு அருகே ஒரு அக்கா கேட்டதை மறக்க முடியவில்லை. "எண்ணெயோட நின்னா எடுக்குறாங்க, சாம்பலோட நின்னா எடுக்குறாங்க. எத்தினி பேர் எடுத்துகினு போனாங்க! ஒண்ணாச்சும் என் கைல குடுத்தாங்களா? என் மூஞ்சி எங்கெங்க கீதுன்னு எனக்கே தெரியாது."

பறி என்று சொல்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கழிமுகத் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர் அவர். என் பையில் இருந்த கேமராவைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு வீட்டுக்குள் போய், அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சதுர அட்டையை எடுத்துவந்தார். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் அவள் அம்மா, இருவருக்கும் பின்னால் மணல், மணலுக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. வெள்ளை ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் மாமாவின் சாய்ந்த எழுத்து: எண்ணூர், 14-1-84. பொங்கலை ஒட்டி எடுத்திருக்கிறார். அந்த மின் நிலையத்தை 2017 மார்ச்சோடு மூடிவிட்டார்கள். அவருடைய அம்மாவும் போய்விட்டார். "அந்தப் புகையைத் திட்டிகினே தான் எங்கம்மா போஸ் குடுத்துச்சு" என்றார்.

அன்றைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எண்ணெய்க் கையோடு வேண்டாமாம். பொங்கல் கழிந்து போனேன். புதுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். சாயங்காலம் நாலரை மணி. கல் மேல் ஏறி உட்கார்ந்தார், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். நான் சாலை ஓரம் வரைக்கும் பின்னால் போனேன். லாரி ஹாரன் அடித்ததும் நின்றேன். வெள்ளைப் பக்கம் ஒரு புள்ளி தள்ளி, அமுக்கினேன்.

டிபன் பாக்ஸை அவர் மடியிலேயே வைத்தேன். பேத்தி மூடியைத் திறக்கத் திறக்க அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், இறால் விலை, மகனின் கான்ட்ராக்ட் வேலை, மாமாவின் நனைந்த பேண்ட். திறந்தபோது கொஞ்சம் செம்மை ஏறியிருந்தது. ஆனால் முகம் தெளிவு, பின்னால் கடலும் தெளிவு. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேனா கீதா?" என்றார். கொடுத்தேன். திருப்பி என்னிடமே நீட்டினார். "உங்க மாமா எழுதினாப்ல எழுது. ஊர் பேர் மொதல்ல போடு. இன்னிக்கு இன்னா தேதி?"